எடை குறைஞ்சாச்சு... கல்லீரல் எப்படி இருக்கு? பேரியாட்ரிக் சர்ஜரிக்குப் பிறகு மறக்கக் கூடாத டெஸ்ட்டுகள்!

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. வெயிங் மெஷின் 118-ல் இருந்து 89-க்கு இறங்கியிருக்கிறது. அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டை மூச்சு வாங்காமல் ஏறுகிறீர்கள். பழைய ஜீன்ஸ் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால், 'அடையாளமே தெரியலையேப்பா' என்று பெரியம்மா கன்னத்தைக் கிள்ளுகிறார். எல்லாம் சூப்பர். ஒரே ஒரு கேள்வி... கடைசியாக லிவர் டெஸ்ட் எப்போ எடுத்தீங்க?

'சர்ஜரி பண்ணது வயித்துலதானே, இதுல லிவர் எங்க வந்துச்சு?' என்று கேட்டால், நீங்கள் தனி ஆள் இல்லை. உடல் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளும் பலரும் ஆபரேஷன் நாளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் இந்த சர்ஜரிக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி வந்தபோது, வீட்டுக்கு வீடு அதைத்தான் பேசினோம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தையல் பிரித்து, எடை இறங்க ஆரம்பித்ததும் ஃபாலோ-அப்பை விட்டுவிடுகிறோமே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இரண்டு, மூன்று வருடங்களில் சத்தம் போடாமல் மாறிக்கொண்டிருக்கும் உறுப்பு கல்லீரல்தான்.

முதல்ல, உங்க லிவர்ல என்ன இருந்துச்சு?

சர்ஜரி வரைக்கும் போகிற அளவுக்கு எடை இருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். 'ஃபேட்டி லிவர்' என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் படித்திருப்பீர்கள். 'அது எல்லாருக்கும் இருக்கு சார்' என்று யாராவது சொல்ல, நீங்களும் ஃபைலை மூடி வைத்திருப்பீர்கள்.

எல்லாருக்கும் இல்லை. ஆனால் நிறைய பேருக்கு இருக்கிறது. சென்னைவாசிகள் 541 பேரை அல்ட்ராசவுண்ட் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. அதில் 32 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, ஃபேட்டி லிவர் இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் நோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. 2021-ல் இந்திய அரசும் சர்க்கரை, பி.பி., புற்றுநோயோடு ஃபேட்டி லிவரையும் சேர்த்து, தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது.

ஃபேட்டி லிவருக்கு நான்கு படிகள் உண்டு. முதல் படி, வெறும் கொழுப்பு. இரண்டாவது, அந்தக் கொழுப்பால் கல்லீரல் செல்களில் அழற்சி, அதாவது உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும் காயம். மூன்றாவது, அந்தக் காயம் ஆறி ஆறித் தழும்பாக மாறுவது. இதைத்தான் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். நான்காவது, தழும்பு மொத்தமாகப் பரவிக் கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ். முதல் மூன்று படிகளிலும் பொதுவாக வலிக்காது, வீங்காது, எதுவும் தெரியாது. நாள் முழுக்கக் கொஞ்சம் அசதியாக இருக்கலாம். அதை நாம் நைட் ஷிஃப்ட் மேல் பழி போட்டுவிடுவோம்.

சர்ஜரிக்கு முன்பு இரண்டு வாரம், 'சாதம் வேண்டாம், புரோட்டீன் ஷேக் மட்டும் குடிங்க' என்று சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? இரைப்பைக்கு மேலே குடைபோலக் கவிந்திருப்பது கல்லீரலின் இடது பக்கம். கொழுப்பேறி அது வீங்கியிருந்தால், சர்ஜன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதே கஷ்டம். அதைச் சுருக்கத்தான் அந்த டயட். உங்கள் கல்லீரலுக்கும் இந்த சர்ஜரிக்கும் உள்ள உறவு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நல்ல செய்தி: லிவருக்கு இது பெரிய விடுதலை

ஸ்லீவ் சர்ஜரியில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, வாழைப்பழ சைஸுக்கு ஒரு குழாய்போல ஆக்கிவிடுகிறார்கள். பைபாஸில் சின்னதாக ஒரு பை செய்து, அதை நேரடியாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் இணைக்கிறார்கள். இரண்டிலும் பசி குறைகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, கல்லீரலில் வந்து குவியும் கொழுப்பும் குறைகிறது.

இத்தாலியில் 288 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் 'லான்செட்' இதழில் வந்தது. எல்லாருக்குமே அழற்சியோடு கூடிய ஃபேட்டி லிவர். ஒரு வருடம் கழித்துக் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது, தழும்பு கூடாமல் அழற்சி மறைந்திருந்தது பைபாஸ் செய்தவர்களில் 56 சதவிகிதம், ஸ்லீவ் செய்தவர்களில் 57 சதவிகிதம். டயட், உடற்பயிற்சியோடு சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவிகிதம்தான்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 1,158 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்ட முடிவும் அதே பக்கம்தான். பத்து வருடத்தில் சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் போன்ற பெரிய சிக்கல்களில் சிக்கியவர்கள், சர்ஜரி செய்தவர்களில் 2.3 சதவிகிதம், செய்யாதவர்களில் 9.6 சதவிகிதம். அதே ஆய்வில், சர்ஜரி சிக்கல்களால் முதல் வருடத்துக்குள் நான்கு பேர் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. லாபம் பெரிசு, ரிஸ்க் பூஜ்யம் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் முறை.

அப்புறம் எதுக்கு செக்கப்?

ஏனென்றால் கொழுப்பு சீக்கிரம் போகும், தழும்பு மெதுவாகத்தான் போகும். பிரான்ஸின் லீல் நகர மருத்துவர்கள், சர்ஜரி செய்தவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அழற்சி மறைந்தது 84 சதவிகிதம் பேருக்கு. ஆனால் தழும்பு முழுவதுமாக மறைந்தது 56 சதவிகிதம் பேருக்குத்தான். அதுவும் முதல் வருடத்தில் ஆரம்பித்து ஐந்தாவது வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக. அப்படியென்றால், கண்ணாடியில் நீங்கள் ஸ்லிம்மாகத் தெரிகிற நாளில்கூட, உள்ளே பழைய தழும்பு இருக்கலாம். அது குறைகிறதா, அப்படியே நிற்கிறதா, கூடுகிறதா என்பது வெயிங் மெஷினுக்குத் தெரியாது.

இன்னொரு காரணம், வரலாறு. 1950-களில் தொடங்கி 70-கள் வரை அமெரிக்காவில் வேறொரு பைபாஸ் செய்தார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் நீளத்தில் மட்டும் உணவு போகும்படி இணைத்துவிடுவார்கள். எடை மளமளவெனக் குறைந்தது. கூடவே சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. புரோட்டீன் சேராமல் போனதும், ஒதுக்கப்பட்ட குடலில் பெருகிய பாக்டீரியாவும் முக்கியக் காரணங்கள் என்று கண்டார்கள். அந்த ஆபரேஷனே கைவிடப்பட்டது. இன்றைய சர்ஜரிகள் அதுபோல் இல்லை. ஆனாலும் குடலை அதிக நீளத்துக்குத் தாண்டிவிடும் சில வகை பைபாஸ்களில், சத்துக் குறைபாடு முற்றி லிவர் பாதிக்கப்பட்ட கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குச் செய்தது எந்த வகை சர்ஜரி, பைபாஸ் என்றால் எத்தனை சென்டிமீட்டர் குடல் தாண்டிவிடப்பட்டது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்து, போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

டெஸ்ட் காலண்டர்: எப்போ, என்ன?

உங்கள் சர்ஜன் தரும் அட்டவணைதான் உங்களுக்கானது. பொதுவாக அது இப்படி இருக்கும்.

• சர்ஜரிக்கு முன்பு: லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் எனப்படும் எல்.எஃப்.டி., பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று அல்ட்ராசவுண்ட், ஹெபடைட்டிஸ் பி மற்றும் சி பரிசோதனை. சந்தேகம் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன். இதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. இது தொலைந்துபோனால் பிற்பாடு எதோடு ஒப்பிடுவது?

• முதல் மூன்று மாதம்: எல்.எஃப்.டி., ரத்த அணுக்கள். எடை வேகமாக இறங்கும்போது என்ஸைம்கள் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்குவது சகஜம். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துக் கூகுளில் தேடிப் பயப்பட வேண்டாம். அடுத்த ரிப்போர்ட்டில் இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

• ஆறாவது மாதம்: எல்.எஃப்.டி.யோடு ஆல்புமின், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி. வலது விலா எலும்புக்குக் கீழே வலி இருந்தால் பித்தப்பைக்கு அல்ட்ராசவுண்ட்.

• ஒரு வருடம்: எல்லா ரத்தப் பரிசோதனைகளும். முன்பு தழும்பு இருந்தவர்களுக்கு மறுபடி ஃபைப்ரோஸ்கேன்.

• அதன் பிறகு: வருடத்துக்கு ஒரு தடவை, வாழ்நாள் முழுவதும்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. சர்ஜரிக்கு முன்பே சிரோசிஸ் என்று சொல்லியிருந்தால், எடை எவ்வளவு குறைந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் கட்டாயம். கல்லீரல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்கத்தான் இது. 'இளைச்சுட்டேனே, இன்னும் எதுக்கு?' என்று இதை நிறுத்தக் கூடாது.

ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

லேபில் இருந்து வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்ததும் எல்லோரும் தேடுவது சிவப்பு எழுத்தைத்தான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி.: கல்லீரல் செல்கள் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும் என்ஸைம்கள். பல லேப்கள் 40-ஐ ஒட்டி நார்மல் என்று போடும். ஆனால் அமெரிக்க ஜீரண மண்டல மருத்துவர்கள் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எஸ்.ஜி.பி.டி.யின் ஆரோக்கியமான உச்ச அளவு ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25. லேப் 'நார்மல்' என்று போட்ட 38, உங்கள் டாக்டருக்கு நார்மலாகத் தெரியாமல் போகலாம்.

இதில் ஜிம் போகிறவர்களுக்கு ஒரு ட்விஸ்ட். இந்த என்ஸைம்கள் தசையிலும் உண்டு. முந்தின நாள் லெக் டே போட்டுவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் இரண்டுமே ஏறிக் காட்டும். டெஸ்ட்டுக்கு முன்பு சில நாள் கனமான பளு தூக்குவதை நிறுத்துங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

பிலிரூபின்: இது கூடினால் மஞ்சள்காமாலை என்று பதறுவோம். ஆனால் கில்பர்ட் என்ற சாதுவான பரம்பரைத் தன்மை பலருக்கு உண்டு. அவர்களுக்குப் பட்டினி கிடந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ மறைமுக பிலிரூபின் மட்டும் லேசாக ஏறும், மற்றதெல்லாம் நார்மலாக இருக்கும். சர்ஜரிக்குப் பிறகு சாப்பாடே குறைவு என்பதால் இது முதன்முறையாக வெளியே தெரியலாம். நேரடி பிலிரூபின் ஏறினால்தான் கதை வேறு.

ஏ.எல்.பி., ஜி.ஜி.டி.: இரண்டும் சேர்ந்து ஏறினால் பித்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று டாக்டர் யோசிப்பார். ஏ.எல்.பி. மட்டும் ஏறினால் எலும்பு, வைட்டமின் டி பக்கம் பார்ப்பார்.

ஆல்புமின்: கல்லீரல் தயாரிக்கும் புரோட்டீன். இது குறைந்தால் ஒன்று, கல்லீரல் தடுமாறுகிறது. இல்லையென்றால் உடம்புக்குள் புரோட்டீன் போதவில்லை. அழற்சியோ, சிறுநீரில் புரோட்டீன் போவதோகூடக் காரணமாக இருக்கலாம். சர்ஜரி செய்தவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

பிளேட்லெட்: டெங்குக்கு மட்டுமில்லை, லிவருக்கும் இது முக்கியம். தழும்பு கூடினால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட் மெதுவாகக் குறையும். 2.4 லட்சம், 2 லட்சம், 1.6 லட்சம் என்று வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தால், எல்லாமே 'நார்மல்' கட்டத்துக்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது: எல்.எஃப்.டி. நார்மலாக இருந்தாலும் உள்ளே தழும்பு இருக்க முடியும். அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

தழும்பைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு, ஒரு ஸ்கேன்

கணக்கின் பெயர் ஃபிப்-4. மொபைல் கால்குலேட்டரிலேயே போடலாம். வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்குங்கள். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தை பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். பிளேட்லெட் 2 லட்சம் என்று இருந்தால் கணக்கில் 200 என்று போட வேண்டும்.

உதாரணத்துக்கு, வயது 45, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 2 லட்சம். 45-ஐ 40-ஆல் பெருக்கினால் 1,800. 36-ன் வர்க்கமூலம் 6, அதை 200-ஆல் பெருக்கினால் 1,200. வகுத்தால் 1.5. இந்த எண் 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்தால் அடுத்த டெஸ்ட் தேவை.

இப்போது இதைப் படிக்கும் உங்களுக்கு வயது 28 என்று வைத்துக்கொள்வோம். அதே ரத்த அளவுகளைப் போட்டால் 0.93 வரும். 'அப்பாடா' என்று மூச்சு விடாதீர்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவாக நம்பத்தக்கது இல்லை. வயது குறைவு என்பதாலேயே எண் குறைந்து, இருக்கும் தழும்பையும் மறைத்துவிடலாம். சர்ஜரிக்கு முன்பே லிவர் பிரச்னை இருந்த இளைஞர்கள் ஃபைப்ரோஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேட்பதுதான் நல்லது.

ஃபைப்ரோஸ்கேன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்ட் மாதிரிதான். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டும். அந்த அதிர்வு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை வைத்துக் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்லும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. 12-க்கு மேலே என்றால் லிவர் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடிக் காட்டும். எடை இன்னும் அதிகம் இருப்பவர்கள், 'எக்ஸ்.எல். ப்ரோப் இருக்கா?' என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சாதாரண ப்ரோபின் அதிர்வு கொழுப்பைத் தாண்டிப் போகாமல் தப்பான எண் வரலாம்.

தட்டுல முதல் இடம் யாருக்கு?

சர்ஜரிக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் வேண்டும். இங்கேதான் நம்ம ஊர் சாப்பாடு சிக்கல் பண்ணுகிறது. ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். சின்ன வயிற்றை இரண்டு இட்லியும் சட்னியும் நிரப்பிவிட்டால் புரோட்டீனுக்கு இடம் எங்கே?

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் புரோட்டீன், அடுத்து காய், கடைசியில் இடம் இருந்தால் சாதம். ஒரு முட்டை 6 கிராம். 100 கிராம் மீன் சுமார் 20. 100 கிராம் பனீர் சுமார் 18. ஒரு கப் சுண்டல் 12-க்கு மேல். சைவக்காரர்களுக்கு மீல் மேக்கர் பெரிய கை: காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25 கிராமுக்குக் குறையாது. அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீனில் சாப்பிடுகிறவர் என்றால், வீட்டில் இருந்து ஒரு டப்பா சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ எடுத்துப் போனாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது.

ரோஸ்மில்க், கரும்புச்சாறு, கூல்டிரிங்க்ஸ்? இவை சின்ன வயிற்றை அடைக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. அந்தச் சர்க்கரையைக் கல்லீரல் மறுபடி கொழுப்பாக மாற்றிவிடும். பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, பேதி என்று உடனடி தண்டனையும் கிடைக்கலாம்.

எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாவதும் சகஜம். அதைத் தடுக்கத்தான் பல சர்ஜன்கள் முதல் ஆறு மாதத்துக்கு உர்சோடியாக்சிகோலிக் ஆசிட் மாத்திரை தருகிறார்கள். 'வலியே இல்லையே' என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

ட்ரிப்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

இந்தப் பகுதியை வீட்டில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். சர்ஜரி செய்தவருக்கு நாள் கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால், நாம் முதலில் ஓடுவது தெருமுனை கிளினிக்குக்கு. 'ரெண்டு பாட்டில் க்ளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பாயிடும்' என்போம். தொடர் வாந்தியில் தயமின், அதாவது வைட்டமின் பி1, உடம்பில் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் க்ளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். 'இவருக்கு பேரியாட்ரிக் சர்ஜரி ஆகியிருக்கு, தயமின் கொடுக்கணுமா?' என்ற ஒரு கேள்வி போதும், பெரிய ஆபத்து விலகும். அடுத்த போன் உங்கள் சர்ஜனுக்கு.

சரக்கு, மாத்திரை, மூலிகை

மது: வீக் எண்டு பார்ட்டியில் 'ஒரே ஒரு ரவுண்டு' என்று நண்பர்கள் இழுப்பார்கள். சர்ஜரிக்குப் பிறகு ஆல்கஹால் வயிற்றில் தங்காமல் நேராகக் குடலுக்குப் போய், வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. பைபாஸ் செய்த பெண்களை வைத்து நடந்த, 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு டிரிங்க் குடித்ததும் நான்கு டிரிங்க் குடித்த அளவுக்கு ரத்தத்தில் ஏறியிருந்தது. அடிமையாகும் ஆபத்தும் உண்டு. 2012-ல் வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வில், மதுப் பிரச்னை சர்ஜரிக்கு முன்பு 7.6 சதவிகிதமாக இருந்து, இரண்டாவது வருடத்தில் 9.6 சதவிகிதமாக ஏறியது. முதல் வருடம் இல்லை, இரண்டாவது வருடம். எல்லாம் நல்லாப் போகுதே என்று ஃபாலோ-அப்பை விடுகிற அதே காலம். கல்லீரலில் தழும்பு இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரே வார்த்தைதான்: வேண்டாம்.

வலி மாத்திரை: பைபாஸ் செய்தவர்களுக்கு ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை புண் உண்டாக்கும் என்பதால் தவிர்க்கச் சொல்வார்கள். உடனே எல்லா வலிக்கும் பாராசிட்டமால் என்று ஆகிவிடும். ஜலதோஷ மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தாண்டும், அடி விழுவது லிவருக்கு. சரியாகச் சாப்பிடாத நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். உங்கள் அளவு எவ்வளவு என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூலிகை: 'லிவர்தானே, கீழாநெல்லி குடி' என்று பாட்டி சொல்வார். கீழாநெல்லிக்கும் சென்னைக்கும் ஒரு சுவாரஸ்யமான தொடர்பு உண்டு. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் குறைக்கிறது என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. தவிர, அது வைரஸைப் பற்றிய ஆய்வு, ஃபேட்டி லிவரைப் பற்றியது இல்லை. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்கு லிவர் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எடை குறைப்புக்காக ஆன்லைனில் விற்கும் கிரீன் டீ சாறு மாத்திரை, கொடம்புளிச் சாறு மாத்திரை இரண்டினாலும் லிவர் பாதிப்பு வந்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடும் புளியும், மாத்திரையில் அடைத்த சாறும் ஒன்றல்ல. எதை எடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

• கண், தோல் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது
• வயிறு, கால் வீங்குவது
• வலது மேல் வயிற்றில் வலியோடு காய்ச்சல், குளிர்
• ரத்த வாந்தி, தார்போலக் கறுப்பாக மலம் போவது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். பிசுபிசுப்பும் தலைச்சுற்றலும் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்
• பேச்சு குழறுவது, குழப்பம், பகலெல்லாம் தூக்கம்
• நிற்காத வாந்தி
• இலக்கு எடையைத் தாண்டியும் எடை இறங்கிக்கொண்டே போவது

நம்ம ஏரியாவுல எங்க போறது?

எல்.எஃப்.டி., ரத்த அணுக்கள், அல்ட்ராசவுண்ட் மூன்றும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கேயும் கிடைக்கும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் அளவீடு கொஞ்சம் மாறும், ஒப்பிடுவது கஷ்டமாகிவிடும். ஆஃபர் பேக்கேஜில் ஜி.ஜி.டி.யும் பிளேட்லெட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எஸ்டேட் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பழைய ரிப்போர்ட்டைக் காட்டி, அயனாவரம் அல்லது கே.கே. நகர் மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்கள். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் லோக்கல் டிரெயின் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே கல்லீரலுக்குத் தனித் துறையே இருக்கிறது. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் வடசென்னையில் பக்கம்தான். பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு வேலப்பன்சாவடி, நசரத்பேட்டை, தண்டலம் என்று நெடுஞ்சாலை ஓரமாகவே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன்பு போன் போட்டு, ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறதா, எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சர்ஜரி செலவைப் பல பாலிசிகள் சில நிபந்தனைகளோடு ஏற்கின்றன: பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஆப்னியா போன்ற நோய்கள். ஆனால் பிற்பாடு வருடா வருடம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நம்ம பாக்கெட்டில் இருந்துதான். சர்ஜரிக்குப் பணம் திரட்டும்போதே, அடுத்த ஐந்து வருட டெஸ்ட் செலவையும் சேர்த்துத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையோடு முடிப்போம். போனில் 'லிவர்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, சர்ஜரிக்கு முந்தைய ரிப்போர்ட், கடைசியாக எடுத்த ரிப்போர்ட் மூன்றையும் அதில் சேர்த்து வையுங்கள். அடுத்த டெஸ்ட் தேதியைக் காலண்டரில் ஏற்றி, அலாரம் வையுங்கள். அந்தத் தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதா? பரவாயில்லை, நாளைக்குக் காலையில் லேபுக்குப் போய் எடுத்துவிடுங்கள்.